மலைப்பாம்பு சுற்றிக்கொண்டால் வாலிலிருந்து பிரியுங்கள்

கேள்வி: மலேசியாவின் ஜோகூரில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். அடுக்கிவைத்த மட்டைகளுக்குள் 4 மீட்டர் மலைப்பாம்பு ஒன்றைப் பார்த்தோம். ஆளைக் கொல்லுமா? சுற்றிக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: அரிதுதான், ஆனால் கொல்லும். உடம்பில் வலைப்பின்னல் போன்ற கோடுகள் கொண்ட இந்த இனம்தான் உலகிலேயே மிக நீளமான பாம்பு. 1995இல் உங்கள் ஜோகூரிலேயே ரப்பர் மரம் சீவப் போன ஒருவரை ஏறக்குறைய 7 மீட்டர் பாம்பு நெரித்துக் கொன்றது. 2017இல் இந்தோனேசியாவின் சுலாவெசியில் செம்பனைத் தோட்டத்துக்குப் போன இளைஞரையும், 2018இல் அதே நாட்டின் முனா தீவில் காய்கறித் தோட்டத்துக்குப் போன பெண்ணையும் அதே நீளமுள்ள பாம்புகள் விழுங்கின. மூவருமே தனியாகப் போனவர்கள். அதனால் பாம்பின் நீளத்தைவிடத் தனிமையைத்தான் முதலில் அஞ்ச வேண்டும். 4 மீட்டர் பாம்பால் வளர்ந்த ஆளை விழுங்குவது கடினம். ஆனால் கழுத்திலோ மார்பிலோ சுற்றினால் உயிருக்கு ஆபத்து. சிறு பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எலும்பை நொறுக்கிக் கொல்கிறது என்பது தவறான நம்பிக்கை. மார்பு இறுகும்போது இதயத்துக்கு இரத்தம் திரும்புவது தடைபடுகிறது. இதேபோல் இரையை இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகள் எலிகளை இறுக்குவதை அளந்து பார்த்ததில், சில நொடிகளிலேயே இரத்த அழுத்தம் பாதியாகச் சரிந்தது. மூச்சை அடக்கிச் சமாளிக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

சுற்றத் தொடங்கியதுமே ஒரு முன்கையைக் கழுத்துக்கும் பாம்புக்கும் நடுவே நுழைத்துவிட்டுக் கத்துங்கள். உதவிக்கு வருபவர்களில் ஒருவர் தலைக்குப் பின்னால் கழுத்தை இறுகப் பிடிக்கட்டும். இன்னொருவர் வால் நுனியைப் பிடித்து, சுற்றியதற்கு எதிர்த்திசையில் ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கட்டும். நடுவில் பிடித்து இழுத்தால் பாம்பு இன்னும் இறுக்கும். பாராங் கத்தியால் வெட்டப் போனால் வெட்டு உள்ளே இருப்பவர்மேல்தான் விழும்.

கடித்த கையைப் பிடுங்கக் கூடாது. பற்கள் தொண்டைப் பக்கமாக வளைந்திருப்பதால் சதை கிழியும். தலையைக் கடித்த பக்கமாகவே சற்றுத் தள்ளி, தாடையைத் திறந்து விடுவியுங்கள். விஷம் கிடையாது, ஆனாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு, முறிந்த பல் உள்ளே தங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

எலியைத் தேடித்தான் இது மட்டைக் குவியலுக்கு வருகிறது. வேட்டையாடுவது பெரும்பாலும் இரவில். விடியுமுன் வேலைக்குப் போவதானால் இரண்டு பேராகப் போங்கள், நெற்றியில் விளக்கு கட்டுங்கள், குவியலைக் கையால் தொடுமுன் நீளக் கழியால் தட்டுங்கள். பாம்பைக் கண்டால் எட்ட நின்று 999ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள். அவர்கள் வரும்வரை ஒருவர் தூரத்திலிருந்து அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.