ஹெட்போனுக்கு ஆம்ப் வாங்கலாமா? வேலூர் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டில் ஹெட்போனில் பாட்டுக் கேட்க ஆம்ப் (ஒலிச் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) தனியாக வேண்டுமா, கட்டுப்படியாகும் விலையில் எதை வாங்கலாம் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கேட்டவர் பெயருக்குப் பதில் ஊர் பெயர் போட்டிருக்கிறேன். ரேடியோ, டேப் ரிப்பேரில் பழகிய கை என்பதால் கரண்ட் விஷயம் வந்தால் நீளமாகப் பேசுவேன். ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

காட்பாடி, மாணவர்: அண்ணே, டிடி 770 ப்ரோ ஹெட்போன் வாங்கப் போறேன். 32, 80, 250 ஓம்னு மூணு இருக்கு. 250தான் ஒரிஜினல் சவுண்டுன்னு பிரெண்ட் அடிச்சுச் சொல்றான். என்கிட்ட போனும் லேப்டாப்பும்தான் இருக்கு. ஆம்ப் தனியா வாங்கணுமா?

தம்பி, ஓம் என்பது ஹெட்போன் கரண்டுக்குக் கொடுக்கிற தடை, இம்பீடன்ஸ் என்பார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஹெட்போன் வாங்காதே. பக்கத்தில் சென்சிட்டிவிட்டி என்று, எவ்வளவு எளிதில் சத்தம் தரும் என்று காட்டுகிற ஒரு எண் இருக்கும், அதையும் சேர்த்துப் பார். 770க்கு அது ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். ஆப்பிள் விற்கிற டைப்-சி டாங்கிள் (போனில் செருகி ஹெட்போன் மாட்டுகிற குட்டி ஒயர்) சுமார் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். முழு வால்யூமில் 250 ஓமில் 4 மில்லிவாட்தான் போகும், 102 டெசிபல் கிடைக்கும். 80 ஓமில் 12.5 மில்லிவாட், 107 டெசிபல். 32 ஓமில் 31 மில்லிவாட், 111 டெசிபல். ஒரே டாங்கிள், ஒரே பாட்டு.

சினிமாப் பாட்டெல்லாம் சத்தத்தைத் தூக்கி வைத்தே பதிவாகிறது. அதற்கு 102 தாராளம். கச்சேரிப் பதிவு, மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ரா மாதிரி மெதுவாகப் போய் திடீரென்று எகிறுகிறவற்றைக் கேட்கிறவனுக்குத்தான் இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும். நீ 80 ஓம் வாங்கு, டாங்கிள் போதும். ஒன்றைக் கவனி: அந்த ஆப்பிள் டாங்கிள் லேப்டாப்பில் முழுச் சத்தம் தரும், பல ஆண்ட்ராய்டு போன்களில் அடக்கியே பேசும். போனில்தான் கேட்பாய் என்றால் வேறு கம்பெனி டாங்கிளாகப் பார்.

பாகாயம், நர்ஸ்: அண்ணா, நைட் டூட்டி முடிச்சு வந்து ஹாஸ்டல்ல கேட்பேன். ரூம்மேட் தூங்குவாங்க. ரெண்டாயிரத்துக்குள்ள ஆம்ப் சொல்லுங்க.

சிஸ்டர், ஆம்ப் வேண்டாம். அந்தக் காசைச் சத்தம் வெளியே கசியாத, மூடின வகை ஹெட்போனில் போடுங்கள். இல்லையென்றால் காதுக்குள் சரியாக உட்காருகிற ரப்பர் முனை இயர்போன். காதை நன்றாக அடைத்தால் ஃபேன் சத்தம் குறையும், வால்யூமும் தானாகக் கீழே வரும். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்று தொழிற்சாலைக் கணக்கு ஒன்று உண்டு. 91க்குப் போனால் 2 மணி நேரம்தான். நீங்கள் வேலை பார்க்கிற இடத்தில் காது டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

சத்துவாச்சாரி: 5000 பட்ஜெட்ல எது பெஸ்ட்?

ஹெட்போன் இல்லையென்றால் நாலாயிரம் அதற்கு, ஆயிரம் டாங்கிளுக்கு. இருக்கிறதென்றால் அது என்ன மாடல் என்று சொல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

தோட்டப்பாளையம்: சார், யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலிச் சிக்னலாக மாற்றும் பெட்டி), தனி ஆம்ப் ரெண்டும் வாங்கினேன். லேப்டாப்பில் சார்ஜர் போட்டால் ஹெட்போனில் ங்ங்ங் என்று இரைச்சல். லேப்டாப் மேல் கை வைத்தால் சுருசுருவென்று இருக்கிறது. ஆம்ப் எர்த் பின்னைக் கழட்டிவிட்டால் சரியாகும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

கழட்டாதீர்கள். யார் சொன்னாலும் எர்த் பின்னை உடைக்காதீர்கள், டேப் சுற்றாதீர்கள், மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டரும் போடாதீர்கள். காதில் மாட்டுகிற சாமான் அது.

முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பாட்டுப் போடுங்கள். இரைச்சல் நின்றால் டாக் மேலும் ஆம்ப் மேலும் குற்றம் இல்லை. இரண்டு பின் சார்ஜரில் கசிகிற துளிக் கரண்ட் வேறு வழியில்லாமல் யுஎஸ்பி ஒயர் வழியாக ஆம்பின் எர்த்தைத் தேடிப் போகிறது. சுருசுருப்பும் அதுதான். அதே லேப்டாப்புக்கு மூன்று பின் சார்ஜர் கிடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். லேப்டாப், ஆம்ப் இரண்டையும் ஒரே போர்டில் செருகுங்கள். அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவரில் இருக்கிற மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் உண்டா என்று பாருங்கள். பழைய வீடுகளில் ஓட்டை மட்டும்தான் இருக்கும். எர்த் குழி இருந்தாலும் நம்ம ஊர் வெயிலில் மே மாசம் காய்ந்து கிடக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் ஆம்ப் மட்டுமில்லை, ஃபிரிட்ஜும் நல்லபடி இருக்கும்.

கரண்ட் போனபோது மட்டும் இரைகிறது என்றால் அது இன்வெர்ட்டர். சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் உறுமத்தான் செய்யும். அந்த நேரத்துக்கு போனும் டாங்கிளும் போதும்.

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்றவர்: என்னிடம் பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று உள்ளது. முன்பக்கம் ஹெட்போன் ஓட்டை உண்டு. அது இருக்கப் புதிது எதற்கு?

ஐயா, ஹெட்போனைப் பொறுத்தது. அந்தக் கால ஆம்ப்களில் தனி ஹெட்போன் சர்க்யூட் இருக்காது. ஸ்பீக்கருக்குப் போகிற அவுட்புட்டிலேயே நூற்றுக்கணக்கான ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு ஓட்டைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்போன் இருந்தால் அதில் மாட்டிக் கேளுங்கள், அருமையாக இருக்கும். 32 ஓம் ஹெட்போனின் இம்பீடன்ஸ் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். நடுவில் பெரிய ரெசிஸ்டர் உட்கார்ந்தால் ஏறுகிற இடமெல்லாம் வீங்கிக் கேட்கும். அது பெரும்பாலும் பேஸ், அதாவது அடித்தொனி. அதைத்தான் சிலர் ‘பழைய ஆம்பின் இதம்’ என்பார்கள். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் 300 ஓமும் தேறாதுதான், ஆனால் அங்கே வீக்கம் குறைவு. பிளேனர் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கிற) ஹெட்போனுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அதன் இம்பீடன்ஸ் ஒரே கோடாக இருப்பதால் சத்தம் குறையுமே தவிர குணம் மாறாது.

மாட்டும் முன் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். எர்த் பின் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

குடியாத்தம்: அப்பாவோட கேசட் டெக். பெல்ட் போயிடுச்சு.

ஹெட்போன் கேள்வி இல்லை இது. டேப் ரிப்பேர் செய்கிற பழைய ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

வாலாஜா: ப்ளூடூத் ஹெட்போனுக்கு எந்த டாக் நல்லது?

எதுவும் வேண்டாம். டாக், ஆம்ப் இரண்டும் அதன் உள்ளேயே இருக்கின்றன.

ஆற்காடு: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இல்லாம கேட்கவே கூடாதுன்றாங்களே?

சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதிலேயே மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. ஃபேன் ஓடுகிற அறையில் அதன் அடிமட்டம் உங்கள் காதுக்கு எட்டாது.

சத்துவாச்சாரி, வேறொருவர்: அண்ணே 5000க்குள்ள பெஸ்ட் ஆம்ப் எது?

மேலே உங்கள் ஊர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆம்பூர்: பாய், எல்லாரும் ஆம்ப் கேட்கிறாங்க. எனக்கு வேற. தோல் கம்பெனியில கட்டிங்ல இருக்கேன். ஹெட்போன் குஷன் ரெண்டு வருஷத்துல உரிஞ்சு கருப்புப் பொடியா காதுல ஒட்டுது. ஆட்டுத்தோல்ல நாமே தைச்சா சவுண்டு மாறுமா?

இன்றைக்கு வந்ததிலேயே இதுதான் கேள்வி, பாய். அந்த உரிகிற சமாசாரம் தோலே இல்லை. துணி மேல் பூசிய பாலியூரிதேன். வேர்வையும் சூடும் சேர்ந்தால் அது உடைந்துபோகும், நம்ம ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. சவுண்டு கட்டாயம் மாறும். காதுக்கும் டிரைவருக்கும் (உள்ளே ஒலி எழுப்புகிற பாகம்) இருக்கிற தூரம், உள்வட்டத்தின் அகலம், நுரையின் கெட்டித்தனம், உள்சுவரில் துளை உண்டா என்பது, எல்லாவற்றுக்கும் மேல் காற்று கசிகிறதா என்பது, இவை அத்தனையும் குஷன் கையில். மூடின ஹெட்போனில் கசிவு இருந்தால் முதலில் போவது பேஸ். கண்ணாடி போட்டவர்கள் ‘பேஸ் இல்லை, பெரிய ஆம்ப் சொல்லுங்கள்’ என்று கேட்பதன் காரணமும் இதுவே. கண்ணாடிக் கம்பி குஷனைத் தூக்கி விட்டிருக்கும்.

வாணியம்பாடி: குரோம் உப்புல பதப்படுத்தின தோல் வேர்வையில சாயம் விடும். ஆவாரம்பட்டையில பதப்படுத்தின ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் போடச் சொல்லுங்க. உடம்புக்கும் நல்லது.

ஆம்பூர்: அது விறைப்பா இருக்கும் பாய். வளைவுல சுருக்கம் விழும். கையுறைக்குப் போற மெத்தான செம்மறித் தோல், நாப்பாதான் சரி.

பேரணாம்பட்டு: செம்மறி தையல்ல கிழியும். வெள்ளாடு போடுங்க.

மூவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. என் ஓட்டு செம்மறிக்கு. குஷனில் இழுவிசை குறைவு, மெத்தென்று தாடையில் பதிந்தால்தான் கசியாது. வெள்ளாட்டுத் தோலைத் தலைப்பட்டைக்கு வையுங்கள், அங்கேதான் இழுவை. ஈ.ஐ. தோலை மதிக்கிறேன், ஆனால் இந்த வளைவுக்கு அது வராது. சாயத்துக்கு வெள்ளைத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஏறினால் அந்தத் துண்டு வேண்டாம்.

ராணிப்பேட்டை: இது ஆம்ப் கேள்வி பதிலா, தோல் வியாபாரிகள் கூட்டமா?

ஐயா, நல்ல டாங்கிளுக்குப் பதில் பத்தாயிரம் ரூபாய் ஆம்ப் போட்டால் எளிதில் ஓடுகிற ஹெட்போனில் உங்கள் காது வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். குஷனை மாற்றினால் பக்கத்து வீட்டுப் பையன்கூடச் சொல்வான். காசு எங்கே போக வேண்டும் என்பதுதானே கேள்வி?

திருப்பத்தூர்: ஆம்பூர் 2019லேயே எங்க மாவட்டத்துக்கு வந்துடுச்சு. தலைப்புல வேலூர்னு போட்டிருக்கீங்க.

1989 வரை எல்லாருமே வட ஆற்காடுதான். அடுத்து.

காட்பாடி, மாணவர்: அண்ணே, அப்போ என் 770க்கும் தோல் போடலாமா?

முதலில் வாங்குப்பா. அது வெல்வெட் மாதிரித் துணிக் குஷனோடு டியூன் செய்தது. தோல் போட்டால் வேறு ஹெட்போன் ஆகிவிடும்.

சத்துவாச்சாரி, மூன்றாமவர்: 5000...

மேலே.

ஆம்பூர்: பாய், அளவு எப்படி எடுக்கட்டும்?

பழைய குஷனைத் தூக்கிப் போடாதீர்கள். தையலைப் பிரித்துத் தாளில் வரைந்துகொள்ளுங்கள், நுரையின் உயரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். நுரை அதே உயரம், அதே கெட்டி. தைத்து மாட்டியதும் 50 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் கூடினால் கசிவு இருக்கிறது, நுரை போதவில்லை. ஹெட்போன் காடிக்குள் செருகுகிற பின்விளிம்புக்கு மட்டும் தோல் வேண்டாம். இழுத்தால் நீளும் துணி போடுங்கள், இல்லையென்றால் மாட்டுவதற்குள் பிளாஸ்டிக் உடையும்.