வலுவான கடவுச்சொல் இருந்தும் நாஸ் கருவிக்கு ஆபத்து ஏன்?

கேள்வி: எங்கள் அச்சகத்துக் கோப்புகள் அனைத்தும் பழைய நாஸ் கருவி (வலையமைப்பு வழியே பல கணினிகளுக்குக் கோப்புகளைச் சேமித்துத் தரும் கருவி) ஒன்றில் உள்ளன. அதிலுள்ள நெட்டாடாக் மென்பொருளில் சிவிஇ-2018-1160 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) என்ற நினைவக வழிதல் குறைபாடு இருப்பதாகப் பாதுகாப்புச் சோதனையில் தெரிந்தது. கடவுச்சொல் வலுவானதுதான். அது போதாதா?

பதில்: போதாது. இந்தக் குறைபாடு, கருவி கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே வேலை செய்துவிடுகிறது.

நெட்டாடாக், மேக் கணினிகளுடன் ஏஎஃப்பி என்ற ஆப்பிளின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் கோப்புகளைப் பகிர உதவும் திறமூல மென்பொருள். இணைப்பு தொடங்கும்போது எதிர்முனை (இணைய முயலும் கணினி) அனுப்பும் ஒரு மதிப்பை வைக்க அதில் 4 பைட் இடமே உண்டு. ஆனால் எத்தனை பைட்டுகளைப் படியெடுப்பது என்பதை, எதிர்முனையே குறிப்பிடும் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி அது முடிவுசெய்தது. அந்த நீளம் 255 வரை இருக்கலாம். மிகுதியான பைட்டுகள் பக்கத்து மதிப்புகளின் மேல் எழுதப்படுகின்றன. அடுத்த செய்தியை நினைவகத்தில் எங்கே வைப்பது என்று காட்டும் சுட்டியும் அவற்றுள் ஒன்று என்பதுதான் இதன் கொடுமை. அதை மாற்றியவர், தாம் விரும்பிய இடத்தில் தாம் விரும்பியதை எழுதவைத்து, கருவியையே கைப்பற்ற முடியும்.

டெனபிள் நிறுவனம் கண்டறிந்த இந்தக் குறை 2018 டிசம்பரில் வெளியான 3.1.12 பதிப்பில் திருத்தப்பட்டது. எனினும் கருவித் தயாரிப்பாளர்கள் பழைய பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்ப்பதும் உண்டு என்பதால், பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், அவர்களது பாதுகாப்பு அறிவிப்பில் மேற்கண்ட சிவிஇ எண்ணைத் தேடிப் பாருங்கள்.

என் பரிந்துரை, ஏஎஃப்பி சேவையையே நிறுத்திவிடுவது. 2022இல் இதே மென்பொருளில் வேறு கடுமையான குறைகளும் வெளிவந்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் மை கிளவுட் கருவிகளிலிருந்து நெட்டாடாக்கை நீக்கியே விட்டது. மேக் கணினிகள் 2013இல் வந்த மாவரிக்ஸ் இயங்குதளம் முதலே எஸ்எம்பி என்ற மற்றொரு கோப்புப் பகிர்வு முறைக்கு முதலிடம் தருவதால், உங்கள் வேலை தடைபடாது. நாஸ் கருவிகளில் எஸ்எம்பி சேவையைத் தரும் சாம்பா மென்பொருளிலும் 2022இல் இத்தகைய குறை ஒன்று திருத்தப்பட்டது. ஆகவே ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். கருவிக்குப் புதுப்பிப்பே வருவதில்லை என்றால், அதை மாற்றிவிடுவதே சரி.

ரவுட்டரில் ஏஎஃப்பி பயன்படுத்தும் 548ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) இணையத்துக்குத் திறந்திருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். திறந்திருந்தால் உடனே மூடுங்கள். அப்படித் திறந்திருந்த கருவி ஏற்கெனவே பிறர் கைக்குப் போயிருக்கலாம் என்றே கொண்டு, கோப்புகளை வேறு வட்டில் படியெடுத்து, ஃபர்ம்வேரைப் புதிதாக நிறுவி, அதில் சேமித்திருந்த எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிய பிறகே மீண்டும் பயன்படுத்துங்கள்.