கேரட் இலை சிவந்து செடி குட்டையாகிறது: வைரஸா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர் கேரட். விதைத்து 45 நாள். அங்கங்கே சில செடிகளில் உள்ளிலை மஞ்சள் திட்டாகி, வெளியிலை சிவந்து, செடி வளராமல் நிற்கிறது. பூஞ்சாண மருந்து இரண்டு தடவை அடித்தும் மாறவில்லை. மேல் பாத்தியில் அறுவடைக்கு நிற்கும் பழைய கேரட்டிலும் இதே சிவப்பு. வைரஸ் என்கிறார்கள். என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: ஐயா, அந்தப் பூஞ்சாண மருந்தை முதலில் நிறுத்துங்கள். வைரஸாக இருந்தால் அது ஒன்றும் செய்யாது, காசுதான் வீண்.

இலை சிவந்தாலே வைரஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது. சீக்குச் செடி ஒன்றையும் பக்கத்து நல்ல செடி ஒன்றையும் மண்ணோடு தோண்டி எடுத்து அருகருகே வையுங்கள். வேரில் முடிச்சு இருந்தாலோ, கிழங்கு இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தாலோ நூற்புழுவைச் சந்தேகப்படுங்கள். கொண்டையில் மெல்லிய குருத்துகள் கொத்தாகக் கிளம்பி, கிழங்கெல்லாம் வெள்ளை முடி போல வேர் அடர்ந்திருந்தால், தத்துப்பூச்சி கொண்டுவரும் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிராக இருக்கலாம். வயல் முழுக்க ஒரே சீராகச் சிவந்தால் குளிர், மணிச்சத்துக் குறை, நீர் தேக்கம் இவற்றைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், கிழங்கு நேராக ஆனால் சிறுத்து இருந்தால்தான் வைரஸ் பக்கம் போகவேண்டும்.

நீங்கள் சொல்லும் அடையாளம் ‘மோட்லி டுவார்ஃப்’ நோயோடு ஒத்துப்போகிறது. 1940-களில் ஆஸ்திரேலியாவில் விவரிக்கப்பட்ட நோய் இது; இங்கிலாந்திலும் கலிபோர்னியாவிலும் உண்டு. இது ஒரே வைரஸின் வேலை இல்லை, ஒரு கூட்டு. கேரட் சிவப்பிலை வைரஸுக்கு மட்டும்தான் சொந்தமாகப் புரத உறை உண்டு. கேரட் தேமல் வைரஸுக்கு உறையே கிடையாது. இவற்றோடு சேர்ந்து வரும் துணை ஆர்.என்.ஏ. என்ற சின்ன மரபுப்பொருள் துண்டுக்கும் கிடையாது. செடிக்குள் இவை தாமாகவே பெருகும். ஆனால் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வழியாக வேறு செடிக்குப் போகவேண்டுமானால் சிவப்பிலை வைரஸின் உறையைப் போர்த்திக்கொண்டுதான் போகமுடியும். அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டுக்கும் வண்டி இல்லை.

அந்த அசுவினி இரண்டு மில்லிமீட்டர் அளவில் பச்சையாக இருக்கும். இலையைத் திருப்பி லென்ஸில் பாருங்கள்: வாலுக்கு மேலே இன்னொரு சின்ன வால் போல நீட்டிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் சாறு உறிஞ்சினால்தான் அதன் உடம்பில் வைரஸ் ஏறும். ஏறிவிட்டால் நாள்கணக்கில் போகாது. அதனால், பரிந்துரைத்த பூச்சிமருந்தை ஆரம்பத்திலேயே அடித்தால் வயலுக்குள் பரவுவது குறையும். ஆனால் வெளியிலிருந்து வைரஸைச் சுமந்து பறந்து வருவது, மருந்து பட்டுச் சாவதற்குள் செடியில் ஏற்றிவிடும். ஏற்கெனவே சிவந்த செடிக்கும் மருந்து கிடையாது.

என் கவலையெல்லாம் உங்கள் மேல் பாத்தி மீதுதான். குளிர்நாடுகளில் மண்ணிலேயே விட்டுவைத்த பழைய கேரட்டும் ஓரத்துக் காட்டுக் கேரட்டும்தான் இந்த வைரஸுக்குப் புகலிடம். நம் மலையில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று ஏதாவது ஒரு கேரட் எப்போதும் நிற்கிறது. வைரஸுக்குப் பட்டினியே இல்லை! பழைய பாத்தியைச் சீக்கிரம் அறுத்து, விட்டுப்போன கிழங்கையும் தானாக முளைத்ததையும் வேரோடு எடுங்கள். அடுத்த விதைப்பை அதன் ஓரத்தில் போடவேண்டாம். இடையில் உருளைக்கிழங்கோ முட்டைக்கோசோ வரட்டும். கொத்தமல்லியும் கேரட் குடும்பம்தான். கலிபோர்னியாவில் அதையும் இந்நோய் பிடித்திருக்கிறது. ஆகவே பக்கத்தில் அதுவும் வேண்டாம். இளம்பருவத்தில் தொற்றினால்தான் கிழங்கு பெரிதாக அடிபடும், இளம்பயிரைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றுங்கள். இந்த நோய் விதை வழியாக வருவதில்லை, விதைக்காரரைக் குறை சொல்லவேண்டாம்.

உறுதி செய்ய ஆய்வகச் சோதனைதான் வழி. சீக்குச் செடி நாலைந்து, நல்ல செடி இரண்டு, வேரோடு எடுத்து உலர்ந்த செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, அன்றைக்கே ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே அழுகிவிடும்.