போஸ்ட்டாக் ஆஃபர் வந்தா சம்பளத்துக்கு முன்னாடி மென்ட்டரைப் பாருங்க சார்

"பிஎச்டி முடிச்சாச்சு, வயசு முப்பத்தொண்ணு ஆச்சு, இன்னும் எதுக்கு சார் ஃபெல்லோஷிப்னு படிச்சுக்கிட்டு"ன்னு உங்க பொண்ணைப் பத்தி கேட்டு எழுதியிருந்தீங்க, ஸ்கூல் பசங்க படிப்பு பத்தின ரிசர்ச்சுக்கு இங்க ஒண்ணு, இங்கிலாந்துல ஒண்ணுன்னு அவங்களுக்கு ரெண்டு போஸ்ட்டாக் ஆஃபர் வந்திருக்குன்னும் சொல்லியிருந்தீங்க. முதல்ல ஒண்ணு, போஸ்ட்டாக்ங்கறது படிப்பே இல்ல சார், முடிச்சா டிகிரி எதுவும் கிடையாது, அது பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஒரு கான்ட்ராக்ட் ரிசர்ச் வேலை, பெரும்பாலும் ரெண்டு வருஷம், சில இடத்துல மூணு. பிஎச்டி கைடு நிழல்ல இருந்து வெளிய வந்து, தன் பேர்ல சொல்லிக்கற மாதிரி ரிசர்ச் பண்ண முடியும்னு காட்டறதுக்கு கிடைக்கற டைம் அது, அவ்ளோதான். அந்த ரெண்டு வருஷம் உருப்படியா போகுமா வீணா போகுமாங்கறது பாதிக்கு மேல யாரு மென்ட்டரா, அதாவது அங்க நம்மளை வழிநடத்தற சீனியரா, இருக்காங்கங்கறதுல இருக்கு. நீங்க கேட்ட எட்டு கேள்வில ஆறு சம்பளத்தைப் பத்தியும் யுனிவர்சிட்டி ரேங்க் பத்தியும் இருக்கு, மென்ட்டர் பத்தி ஒண்ணுகூட இல்ல, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன். (கல்யாணம் பத்தின கேள்வியை பொண்ணுகிட்டயே கேட்டுருங்க, அது என் ஏரியா இல்ல.)

ஸ்கூல்ல போய் பண்ற ரிசர்ச்சுக்குன்னு ஒரு தனி சிக்கல் இருக்கு, ரிட்டயர்ட் ஹெச்எம் உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும். லேப்ல வேலை பாக்கறவங்க ராத்திரி பன்னெண்டு மணிக்குக்கூட எக்ஸ்பெரிமென்ட் பண்ணலாம், ஸ்கூல் நம்ம வசதிக்கா திறந்திருக்கும்? ஜூன்ல திறந்து பசங்க செட் ஆகி அட்மிஷன் முடியவே ஒரு மாசம் போயிடும், செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு, அப்புறம் பொங்கல் லீவு, பிப்ரவரில இருந்து பப்ளிக் எக்ஸாம் டென்ஷன், நடுவுல எலெக்‌ஷன் டியூட்டி சென்சஸ் டியூட்டின்னு டீச்சர்களை வேற இழுத்துருவாங்க. அதுக்கெல்லாம் முன்னாடி பர்மிஷன் வாங்கணும், பள்ளிக்கல்வி டைரக்டர் ஆபீஸ் லெட்டர், அதை வெச்சு சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ், அப்புறம் பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்), இதுக்கே சில மாசம் ஓடிடும். அப்ப ரெண்டு வருஷ போஸ்ட்டாக்ல உருப்படியா கையில கிடைக்கறது ஒரே ஒரு கல்வியாண்டு, அதுவும் எல்லாம் ஒழுங்கா நடந்தாதான். டேட்டா எடுத்து பேப்பர் எழுதி ஜர்னலுக்கு அனுப்பினா ரிவ்யூ முடிஞ்சு வர ஒரு வருஷம்லாம் சர்வசாதாரணம், அதுக்குள்ள கான்ட்ராக்டே முடிஞ்சு போயிருக்கும்.

அதனால நல்ல மென்ட்டர் என்ன பண்ணுவார்னா, வந்த முதல் வாரமே ஏற்கனவே எடுத்து வெச்ச டேட்டால ஒரு பகுதியை கையில குடுத்து இதுல உன் கேள்வி ஒண்ணைப் போட்டு பேப்பர் எழுதுன்னுவார், ஃபீல்டு வேலை பக்கத்துலயே தனியா போகும். பழைய டேட்டாவோட மதிப்புக்கு நம்ம மாநிலத்துலயே உதாரணம் இருக்கு. கோவிட் சமயத்துல பசங்களுக்கு எவ்ளோ கற்றல் இழப்புன்னு ஆளாளுக்கு குத்துமதிப்பா சொல்லிட்டிருந்தப்போ, அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன்னு மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டு கிராமங்கள்ல சுமார் 19,000 பசங்களை வெச்சு கணக்கா சொன்னாங்க, ஸ்கூல் திறந்த ஆறு மாசத்துல இழப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துருச்சு, அப்படி மீண்டதுல கிட்டத்தட்ட கால்வாசி இல்லம் தேடிக் கல்வியால (வாலன்டியர்கள் பசங்களுக்கு சாயங்காலம் சொல்லிக் குடுத்த அரசுத் திட்டம்) வந்ததுன்னு. அவங்களால எப்படி சொல்ல முடிஞ்சது? 2019லயே, கோவிடுக்கு முன்னாடியே, அந்த கிராமங்கள்ல டெஸ்ட் வெச்சு டேட்டா எடுத்து வெச்சிருந்தாங்க. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல தனி ஆளா வர்ற ஒரு போஸ்ட்டாக் அந்த மாதிரி அடித்தளத்தை முதல்ல இருந்து கட்ட முடியாது சார், ஏற்கனவே கட்டி வெச்சிருக்கற மென்ட்டர்கிட்டதான் போகணும். அதனால முதல் கேள்வி இதுதான், "சேர்ந்த உடனே நான் யூஸ் பண்ணிக்கற மாதிரி என்ன டேட்டா இருக்கு, அதுல ஃபர்ஸ்ட் ஆத்தரா நான் எழுதலாமா, நான் போனப்புறமும் அந்த டேட்டாவை யூஸ் பண்ண விடுவீங்களா". இதுக்கு "வாங்க பாத்துக்கலாம்"னு பதில் வந்தா கொஞ்சம் ஜாக்கிரதை.

ரெண்டாவது, எந்த வேலைக்கு கூப்பிடறாங்கன்னு தோண்டி விசாரிக்கணும். நிறைய இடத்துல போஸ்ட்டாக்னு பேர் போட்டு ஃபீல்டு மேனேஜர் வேலைதான் குடுக்கறாங்க, சர்வேயர்களுக்கு பேட்டா கணக்கு, வண்டி ஏற்பாடு, கொஸ்டின் பேப்பர் ஜெராக்ஸ், சிஇஓ ஆபீஸ் வாசல்ல காத்திருக்கறது. இதுல கொஞ்சம் கத்துக்கத்தான் வேணும், ஆபீஸ்ல எப்படி பேசணும்னு தெரியாம ஸ்கூல் ரிசர்ச்சரே ஆக முடியாது, ஆனா வாரத்துல அஞ்சு நாளும் அதுவேன்னா ரெண்டு வருஷம் கழிச்சு பயோடேட்டால போட ஒண்ணும் இருக்காது.

மெத்தட் விஷயமும் இருக்கு. ஒரே கிளாஸ்ல இருக்கற முப்பது பசங்களை முப்பது தனி ஆளா எடுத்துக்கக்கூடாது, ஒரு டீச்சர் மாறினா மொத்த கிளாஸும் மாறும், இது உங்களுக்கு அனுபவத்துல தெரிஞ்சதுதான், அதையேதான் ரிசர்ச்சர்கள் கிளஸ்டர், மல்டிலெவல்னு மாடல் போட்டு பண்றாங்க. ப்ராஜெக்டுக்காக ஜூலைல ட்ரெய்னிங் வாங்கின டீச்சர் நடுவுல டிரான்ஸ்ஃபர்ல போயிட்டா அந்த ஸ்கூலை என்ன பண்ணுவீங்கன்னு பொண்ணை இன்டர்வியூல கேக்கச் சொல்லுங்க. ஃபீல்டுல அடிபட்ட மென்ட்டர் உடனே பதில் சொல்லுவார், மத்தவங்க முழிப்பாங்க. கன்சென்ட் (சம்மதம்) பத்தியும் கேக்கச் சொல்லுங்க, ஹெச்எம் கையெழுத்து வாங்கிட்டு பசங்களுக்கு டெஸ்ட் வெச்ச காலம்லாம் மலையேறிடுச்சு, 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கற எல்லாரும் குழந்தைக் கணக்குதான். அப்பா அம்மா சம்மதம், குழந்தைகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கறது, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், இதுல அலட்சியமா இருக்கற மென்ட்டர்னா நாளைக்கு பிரச்சனைல மாட்டறது போஸ்ட்டாக்தான்.

வெளிநாடுன்னா மென்ட்டரிங் பத்தி எழுத்துல கேக்கறது கொஞ்சம் ஈஸி. அமெரிக்காவுல என்எஸ்எஃப் (ரிசர்ச்சுக்கு நிதி குடுக்கற அரசு அமைப்பு) பணத்துல போஸ்ட்டாக் எடுக்கணும்னா மென்ட்டரிங் ப்ளான் எழுதிக் குடுக்கணும்னு 2009ல இருந்தே ரூல் இருக்கு, இங்கிலாந்துல 2019 கன்கார்டட்ல (ரிசர்ச்சர்களோட வேலை வளர்ச்சிக்கான உடன்பாடு) கையெழுத்துப் போட்ட யுனிவர்சிட்டிகள் ரிசர்ச்சருக்கு வருஷத்துக்கு பத்து நாளாவது சொந்த வளர்ச்சிக்குன்னு ஒதுக்கணும். அந்த இங்கிலாந்து ஆஃபர்ல இதைப் பத்தி ஒரு வரிகூட காணோம், தப்பா நினைக்க மாட்டாங்க, தாராளமா கேக்கலாம். அங்க ஸ்கூலுக்குள்ள போகணும்னா போலீஸ் வெரிஃபிகேஷன் மாதிரி டிபிஎஸ் செக் உண்டு, இங்க இருந்தும் பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்) கேக்க வாய்ப்பிருக்கு, அதை இப்பவே அப்ளை பண்ணி வெச்சுருங்க. அமெரிக்கா பக்கமும் ட்ரை பண்றாங்கன்னு எழுதியிருந்தீங்க, 2025ல அங்க கல்வித்துறையோட ரிசர்ச் பிரிவான ஐஇஎஸ்ல பெரும்பாலான ஊழியர்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க, நிறைய கான்ட்ராக்டும் கேன்சல் ஆச்சு, அதனால சம்பளம் எந்த கிராண்ட்ல இருந்து வருது, அது எந்த வருஷம் வரைக்கும்னு தெரியாம டிக்கெட் போடாதீங்க.

நம்ம ஊர் ப்ராஜெக்ட்ல இந்த மாதிரி எழுத்து எதுவும் பெரும்பாலும் இருக்காது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல மாசச் சம்பளமும் எப்ப வேணா நிறுத்தலாம்ங்கற வரியும்தான் இருக்கும். அதனால பொண்ணே ஒரு மெயில் போடட்டும், வாரம் ஒருக்கா மீட்டிங் உண்டா, முதல் ஆறு மாசத்துல என்ன முடிக்கணும், எந்த பேப்பர்ல யார் பேர் முதல்ல, பதில் மெயில்ல வந்தா அதுவே ரெக்கார்ட். முன்னாடி அதே ஆள்கிட்ட இருந்த போஸ்ட்டாக் ரெண்டு பேரைப் பிடிச்சு ஃபோன்ல பேசட்டும், இப்ப எங்க இருக்காங்க, பேப்பர் வந்துச்சா, சிபாரிசு லெட்டர் கேட்டா குடுப்பாரான்னு. வெப்சைட்ல இருக்கற ஃபோட்டோவை விட அந்த பத்து நிமிஷப் பேச்சு உண்மையைச் சொல்லும். ஒரே மென்ட்டரை நம்பியும் இருக்க வேணாம், மெத்தட்டுக்கு ஒருத்தர், ஃபீல்டுக்கு ஒருத்தர், ப்ராஜெக்டுக்கு சம்பந்தமே இல்லாம வேலை பத்தி மனசு விட்டுப் பேச வெளில ஒருத்தர்.

ஃபீல்டுக்கு அந்த ஒருத்தர் நீங்களே இருக்கலாம் சார், சும்மா சொல்லல. வருஷா வருஷம் ரிசர்ச்னு ஸ்கூலுக்கு யாராவது வந்து ஃபார்ம் நிரப்பிட்டுப் போறாங்க, ரிசல்ட் என்னன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லன்னு நீங்களே எழுதியிருந்தீங்க இல்ல, அந்தக் கோபத்தை அப்படியே பொண்ணுகிட்ட சொல்லுங்க. ரெண்டு ப்ராஜெக்டோட டைம்லைனையும் வாங்கி உட்காந்து பாருங்க, அரையாண்டு நடக்கற வாரத்துல டெஸ்ட் வெச்சிருக்காங்களா, ரிசல்ட்டை ஸ்கூல்களுக்கு சொல்ல ஒரு நாளாவது ஒதுக்கியிருக்காங்களான்னு. பாத்துட்டு தோணினதை எழுதி அனுப்புங்க, பொண்ணையும் கூட்டிக்கிட்டு வர்ற சனிக்கிழமை ஃபோன் கால்ல வாங்க, சம்பளக் கணக்கை அப்ப போட்டுக்கலாம்.