ஃபின் கூடினால் மின்கட்டணம் குறையுமா?

கேள்வி: படுக்கையறைக்கு எண்ணெய் ஹீட்டர் ஒன்று வாங்க இருக்கிறேன். 9 ஃபின் (வெப்பம் பரப்பும் தகடு), 11 ஃபின், 13 ஃபின் என்று வைத்திருக்கிறார்கள். ஃபின் கூடக்கூட மின்சாரம் மிச்சம் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: இல்லை. இந்த வகை ஹீட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 2 யூனிட். அதில் 9 ஃபின் இருந்தாலும் 13 இருந்தாலும் கணக்கு மாறாது. ஃபின் கூடினால் வெப்பம் பரவும் பரப்பு கூடும். தகட்டின் சூடு சற்றுத் தணியும். கைக்குழந்தை தவழும் வீட்டில் அதற்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. மின்கட்டணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பெட்டியில் பார்க்க வேண்டியது வாட். சாதாரண உயரக் கூரை என்றால் சதுர அடிக்கு 10 வாட் என்பது குத்துமதிப்பான கணக்கு. 150 சதுர அடி அறைக்கு 1500 வாட் போதும்.

மிச்சம் பிடிப்பது, சூட்டுக்கேற்ப ஹீட்டரைத் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட்தான். பலர் அதன் குமிழை உச்சத்துக்குத் திருகிவிட்டு, அறை சீக்கிரம் சூடாகும் என்று காத்திருக்கிறார்கள். ஆகாது. எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அந்தக் குமிழ் சொல்லும். அறை இதமானதும் குமிழை மெல்லப் பின்னோக்கித் திருப்புங்கள். ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். பிறகு அதுவே அணைந்து எரிந்து பார்த்துக்கொள்ளும். கதவிடுக்கில் காற்று புகுந்தால் இந்த உபாயமும் பலிக்காது. முதலில் அந்த இடுக்கை அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. போட்டவுடன் சூடு வராது. எண்ணெய் காய்வதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அணைத்த பிறகும் நெடுநேரம் கதகதப்பு இருக்கும். பத்து நிமிடம் குளிர் விட்டால் போதும் என்பவர் ஃபேன் ஹீட்டர் வாங்கலாம். இரவு முழுவதும் சத்தமில்லாமல் வேண்டும் என்றால் எண்ணெய் ஹீட்டருக்கு ஈடில்லை.

கேள்வி: அதன் எண்ணெயை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது?

பதில்: மாற்றவே வேண்டாம். எண்ணெய் எரிவதில்லை, மூடி முத்திரையிட்ட கூட்டுக்குள் சூட்டைச் சுமப்பது மட்டுமே அதன் வேலை. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்த ஹீட்டரை நிமிர்த்திச் சிறிது நேரம் விட்ட பிறகே போட வேண்டும். சூடேற்றும் கம்பி அடியில் இருக்கிறது. எண்ணெய் இறங்கி அதை மூடியாக வேண்டும்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகலாமா? ஈரத்துணியை மேலே போடலாமா?

பதில்: இரண்டும் கூடாது. 230 வோல்ட் இணைப்பில் 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். மெல்லிய வயர் தாங்காது. சுவரில் உள்ள பெரிய பிளக் பாயின்ட்டிலேயே செருகுங்கள். அரை மணி நேரம் ஓடிய பின் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, அல்லது பழுப்பேறிய பிளாஸ்டிக் என்றால் பாயின்ட் தளர்ந்திருக்கிறது, எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

துணி விஷயத்தில் நானும் யோக்கியன் அல்ல. ஒருமுறை ஈரக் காலுறையைத் தகட்டின்மேல் விரித்தேன். சொட்டிய நீர் நேராக ஸ்விட்சுகள் இருக்கும் பக்கம் இறங்கியது. அதன்பிறகு காலுறைகள் கொடியில்தான் காய்கின்றன, எத்தனை நாள் ஆனாலும்.