‘ஆய்வுப் பதிவேடு இல்லை’ என்று பதில் வந்தால் அப்பீல் போகலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டை பக்கம் குடியிருக்கிறோம். நான்கு மாதம் முன்பு வீட்டருகே உள்ள பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து, என் 7 வயது மகளுக்கு முழங்கை எலும்பு முறிந்தது. காவலாளி மரியாதையில்லாமல் பேசினார். அதிகாரிகள் அலட்சியம் காட்டினார்கள். குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தும் பயனில்லை. ஆர்டிஐ-யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) 14 கேள்விகள் கேட்டேன். “ஏன் பராமரிக்கவில்லை, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை” போன்றவை தகவல் ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆய்வு அறிக்கை கேட்டதற்கு, “அப்படிப் பதிவேடு எதுவும் பராமரிக்கப்படவில்லை” என்று பதில். மருத்துவச் செலவைத் தருகிறோம் என்று ஒருவர் பேச வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன். மேல்முறையீட்டை எப்படி எழுதுவது?

பதில்: காவலாளி பேசியதை விடுங்கள். அதிகாரி நிமிர்ந்து பார்க்காததையும் விடுங்கள். எந்தக் கோர்ட்டும் அதற்கு ஒரு ரூபாய் தராது. உங்கள் கையில் இருக்கும் ஒரே கனமான காகிதம், நீங்கள் எதிர்த்து அப்பீல் போக நினைக்கிற அந்தப் பதில்தான்.

டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில், 1966-லேயே உச்ச நீதிமன்றம் அந்த நகராட்சி அமைப்பைப் பொறுப்பாக்கியது. கட்டடம் முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில், பராமரிக்க வேண்டியது நீங்கள், தானாக விழுந்தால் விளக்கம் சொல்ல வேண்டியதும் நீங்கள் என்பதே அதன் சாரம். குறை வெளியே தெரியவில்லை என்ற சமாதானமும் எடுபடவில்லை. உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு எப்படியும் “அவ்வப்போது சோதித்தோம்” என்றுதான் சொல்லப்போகிறது. சோதித்ததற்குப் பதிவே இல்லை என்று பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதைப் போய் மாற்றச் சொல்லி அப்பீல் போவானேன்? கைவசம் இல்லாத ஆவணத்தை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. தகவல் ஆணையம் அபராதமே விதித்தாலும் நாளுக்கு 250, உச்சம் 25,000. அதுவும் உங்களுக்கு வராது.

அப்பீலை விட்டு, புது மனு ஒன்று போடுங்கள், ஒரே பக்கத்தில். “ஏன்” என்ற சொல்லே அதில் வரக்கூடாது. அந்த ஊஞ்சலை வாங்கி நிறுவிய பணி ஆணை, எம்-புக் (செய்த வேலையின் அளவைக் குறிக்கும் புத்தகம்) பக்கங்கள், ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதானால் அவரே சரிசெய்து தரவேண்டிய காலம்) எழுதியுள்ள ஒப்பந்தம், பூங்காவின் புகார்ப் பதிவேடு. இவற்றின் சான்றிட்ட நகல்கள், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை. பூங்கா ஓர் அமைப்புடையது, பராமரிப்பு இன்னொருவரிடம் என்று இருந்தால் ஆர்டிஐ சட்டம் 6(3)-இன் கீழ் மனுவை மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. போலீஸில் சி.எஸ்.ஆரோடு (புகார் பெற்றதற்கான ரசீதோடு) நிற்காமல் எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால் “விசாரணையில் உள்ளது” என்று மறுக்கப் பார்ப்பார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. தந்தால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும். 2(j)-இன் கீழ் பணியை நேரில் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. அறுந்த சங்கிலியும் தேய்ந்த கொக்கியும் இன்னும் ஸ்டோர் ரூமில் கிடந்தால், அவை காயலான் கடைக்குப் போவதற்குள் கேளுங்கள்.

இனி, நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய குறைதீர்க்கும் நாள் மனுவின் நகலைப் பார்த்தேன். “நான் கேட் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, மகள் ஊஞ்சலில் நின்றபடி ஆட” என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் கொதிக்கும்போது எழுதுவது எல்லாமே இப்படித்தான் வரும். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் பிடிப்பார்கள்: பெற்றோரின் கவனக்குறைவு, ஊஞ்சலைத் தவறாகப் பயன்படுத்தியது. ஏழு வயதுக் குழந்தை நின்று ஆடும் என்பது ஊஞ்சல் மாட்டுகிறவனுக்குத் தெரியாதா என்று நான் வாதாடலாம். ஆனால் அந்த வாதத்துக்கான தேவையை உண்டாக்கியது உங்கள் பேனா. இனி எந்த அலுவலகத்துக்கும் சம்பவத்தை விவரித்து எழுதாதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். அப்புறம் அந்தப் போன். அன்று எடுத்த படங்கள் அதில்தானே இருக்கின்றன? எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். படத்தை கோர்ட்டில் வைக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-இன் கீழ் சான்று வேண்டும். ஃபார்வர்டு ஆன படத்தை வைத்துக்கொண்டு அல்லாடிய கட்சிக்காரர்கள் ஏராளம்.

இதைவிடப் பெரிய பள்ளம் காலக்கெடு. ஆணையம் வரை போய் உத்தரவோடு வழக்குப் போடலாம் என்று காத்திருந்து கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்டிஐ அப்பீல் கிடப்பில் இருப்பதால் காலவரையறை நிற்காது. சட்டப்படி செய்த அல்லது செய்யத் தவறிய செயலுக்கான இழப்பீட்டுக்கு, காலவரையறைச் சட்ட அட்டவணையின் 72-வது உறுப்பில் ஓராண்டுதான். அது பொருந்தாது, மூன்றாண்டு என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்காராதீர்கள். மகள் மைனர் என்பதால் அவளுடைய உரிமைக்கு அதே சட்டத்தின் 6-வது பிரிவு துணை நிற்கும். நீங்கள் கட்டிய ஆஸ்பத்திரி பில் உங்களுடைய கோரிக்கை, அதற்கு அந்தத் துணை இல்லை. நான்கு மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது. வழக்குக்கு முன் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டும். நேரே ஐகோர்ட்டில் ரிட் போடலாமே என்பார்கள். சம்பவத்தின் விவரமே சர்ச்சையில் இருந்தால் ரிட் சரிவராது என்று 2000-இல் மின்வாரியத்துக்கும் சுமதிக்கும் நடந்த வழக்கில் முடிவாகியிருக்கிறது. உங்கள் மனுவில் உள்ள அந்த வரி சர்ச்சையைக் கிளப்பப் போதும்.

ஆகவே பேச வந்தவரைத் திருப்பி அனுப்பியது தப்பு. கூப்பிடுங்கள், பேசுங்கள். சிவில் வழக்கில் வாய்தா வாய்தாவாக நடந்து, கடைசியில் இதே அளவு தொகையில் முடிவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். “பதிவேடு இல்லை” என்ற பதில் கையில் இருக்கும்வரை பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும். ஆனால் வெள்ளைத்தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்தில் முடியுங்கள். கோர்ட் கட்டணம் இல்லை, குழந்தைக்கு இலவச சட்ட உதவி உண்டு, அங்கே ஆகும் உத்தரவு சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு (டிக்ரி) சமம். மேல்முறையீடு கிடையாது என்பதால் தொகையில் அவசரப்படாதீர்கள். குழந்தையின் முழங்கை முறிவில் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் பகுதி) பாதித்திருந்தால் கை கோணுவது பின்னால்தான் தெரியும். எலும்பு மருத்துவரிடம் புது எக்ஸ்ரேயோடு எழுத்துமூலக் கருத்து வாங்குங்கள். அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியையும் சேர்த்து எடுத்து வையுங்கள். இவை இரண்டும் கைக்கு வரும்வரை தொகை எதையும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள்.