நவம்பரில் வீடு திரும்பியவர்கள்

அன்புள்ள சார்,

பின்லாந்தின் குளிர்காலப் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சுமார் 37 லட்சம் பேர் கொண்ட நாடு சோவியத் படையை 105 நாள் எப்படித் தாக்குப்பிடித்தது? பனிச்சறுக்கு வீரர்களின் போர் உத்தியைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். இன்னொரு சந்தேகம். 1939இல் போர் வாசலில் நிற்கும்போது அவர்கள் ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பயந்து ஊரைவிட்டுப் போனவர்களும் நவம்பரில் திரும்பி வந்துவிட்டார்கள். இவ்வளவு ஏமாளிகளாகவா இருப்பார்கள்?

கே.

அன்புள்ள கே.,

காட்டுப் பாதையில் நீளமாக வந்த எதிரிப் படையைத் துண்டு துண்டாக வெட்டிச் சுற்றி வளைத்தார்கள். உத்தியைப் பற்றி அவ்வளவு போதும், மிச்சத்துக்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. நான் பதில் எழுத உட்கார்ந்தது 'ஏமாளிகள்' என்ற அந்தச் சொல்லுக்காக. சில வாரங்களாக எனக்கும் அந்த நவம்பர் நினைவாகவே இருக்கிறது.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை, தம்பி. 1939 கோடையில் மாணவர்களும் சாதாரண ஜனங்களும் விடுமுறையில் சோவியத் எல்லையை ஒட்டிய கரேலியப் பூசந்திக்குப் போய்க் கூலி வாங்காமல் பதுங்குகுழி வெட்டினார்கள். அக்டோபரில் எல்லை நிலத்தைப் பற்றிப் பேச மாஸ்கோ கூப்பிட்டது. பேச்சுவார்த்தைக்குப் போன பாசிகிவியை ஹெல்சின்கி ரயில் நிலையத்தில் கூட்டம் பாட்டுப் பாடி வழியனுப்பியது. 'கூடுதல் பயிற்சி' என்ற பெயரில் ஆண்களைப் படைக்கு அழைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் தலைநகரைவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அடுத்தவர் வீட்டில் எத்தனை நாள் தங்க முடியும்? நவம்பர் 10இல் அவர்களுடைய எழுத்தாளர் சில்லன்பாவுக்கு இலக்கிய நோபல் அறிவித்தார்கள், அந்த நாட்டுக்கு முதல் இலக்கிய நோபல். 13ஆம் தேதி பேச்சு முறிந்து தூதுக்குழு ஊர் திரும்பியது. அப்போதும் குண்டு விழவில்லை. பள்ளிக்கூடங்கள் திறந்தன. ஜனங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

என் சின்ன வயதில் ஒரு புயல் எச்சரிக்கையின்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். இரண்டு நாளாகக் காற்றே இல்லை. மூன்றாம் நாள் காலை அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நானும் உங்களைப் போலத்தான் அவளைப் பார்த்து, உனக்கு அறிவில்லையா என்று கத்தினேன். அவள் பதில் சொல்லவில்லை. மாடு இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

கோபம் வந்தால் அதை மேலே இருந்தவர்களிடம் காட்டுங்கள். ஸ்டாலின் சும்மா மிரட்டுகிறார் என்று வெளியுறவு அமைச்சர் எர்க்கோ நம்பினார். ஆயுதத்துக்குப் பணம் கொடுங்கள் என்று பாதுகாப்புக் கவுன்சில் தலைவர் மன்னர்ஹெய்ம் வருஷக்கணக்கில் மன்றாடிச் சலித்து, போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்புகூட ராஜினாமா கொடுத்தார். உளவும் தூதரகமும் கையில் இருந்தவர்கள் கணக்குத் தப்பினார்கள். அவர்கள் சொன்னதை நம்பிக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிய தாயை நீங்கள் ஏமாளி என்கிறீர்கள். எண்பது வருஷத்துக்கு மேல் கழித்து, முடிவு தெரிந்த பிறகு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அப்படிச் சொல்வது ரொம்பச் சுலபம். செய்யாதீர்கள்.

ஒலிம்பிக்கும் அப்படித்தான். டோக்கியோ கைவிட்ட 1940 போட்டி இவர்களுக்கு வந்தது. மைதானம் 1938லேயே தயார். அதற்காக ஆசைப்பட்டதில் என்ன தப்பு? 1952இல் அதே மைதானத்தில் நடத்தியும் காட்டினார்கள்.

நவம்பர் 30, வியாழக்கிழமை ஹெல்சின்கியில் குண்டு விழுந்தது. முதல் நாளிலேயே 90 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் எத்தனை பேர் அந்த மாதம் வீடு திரும்பியவர்களோ.

திரும்பி வருவது அதோடு நிற்கவும் இல்லை. 1940 மார்ச்சில் போர் முடிந்து கரேலியா சோவியத் கைக்குப் போனபோது நான்கு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அடுத்த வருஷம் பின்லாந்துப் படை அந்த மண்ணை மீட்டதும் அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். எரிந்த வீட்டின் இடத்திலேயே வீடு கட்டினார்கள், வயலைச் சீர்செய்தார்கள். 1944 கோடையில் சோவியத் படை மறுபடி வந்தது. விதைத்த பயிரை அப்படியே நிலத்தில் விட்டுவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு இரண்டாம் முறையாகக் கிளம்பினார்கள்.